தரையிலிருந்து நாலு விரல்

சங்ககிரியிலிருந்து ஈரோட்டுக்குப் போகிற சாலையில், ஊர் முடிந்து பாறையும் புளியமரமும் தொடங்குகிற இடத்தில், லாரிக்காரர்கள் நிற்பதற்காகவே உண்டான ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே போய், மாதப்பன் டயர் கடையில் ஒரு கார் தரையைத் தொடாமல் நின்றதாமே என்று கேட்டுப் பாருங்கள், யாரும் கண்ணை விரிக்க மாட்டார்கள், "நின்னுது, அதுக்கென்னங்க இப்போ" என்று டீயை ஆற்றிக்கொண்டே சொல்வார்கள், பிறகு அவர்களாகவே குரலைத் தாழ்த்தி, வண்டி மிதந்தது பெரிசில்லைங்க, அதை ஈரோட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம் பாருங்க, அதைக் கேளுங்க என்பார்கள்.

வண்டி துளசிமணியுடையது. அவள் மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது, யாரோ ஓட்டிச் சலித்த ஒரு ஜெர்மனிக் காரை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டுப் போனான், பொம்பளையாவது அதை ஓட்டுறதாவது என்று பங்காளி வீட்டுக்காரர்கள் சிரித்ததற்காகவே துளசிமணி ஐம்பது வயதுக்கு மேல் ஓட்டப் பழகி, சந்தைக்கும் கோயில் நோம்பிக்கும் தானே ஓட்டிக்கொண்டு போய்வந்தாள். வெளியிலிருந்து பார்க்க ராசா மாதிரி இருக்கும், ஏறி உட்கார்ந்தால்தான் தெரியும் சங்கதி. அதற்குப் போட்டிருந்தது ரன்-ஃபிளாட் டயர். காற்று முழுசாக இறங்கிப்போனாலும் நிற்காமல் ஓடுகிற டயர் அது, அதற்காகவே பக்கச் சுவரைக் கட்டையாட்டம் கெட்டியாகச் செய்திருந்தார்கள், பஞ்சரானால்தானே என்று ஸ்டெப்னி வைக்கக்கூட வண்டியில் இடம் விடவில்லை. எல்லாம் சரிதான், ஆனால் ரோட்டில் ஒரு கடலைத்தோல் கிடந்தாலும் அது முதுகுக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும்.

அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து பாதி ஆயுசை லாரியிலேயே ஓட்டியவர், ஆடி மாசம் லோடு மேலே ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து மல்லாக்க விழுந்தார். சங்ககிரியில் எடுத்த எலும்புப் படத்தைத் துளசிமணி ஈரோட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள், அங்கே இருந்த டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "முதுகெலும்புல ஒரு சில்லு பெயர்ந்து நரம்பு மேல சாய்ஞ்சு நிக்குதுங்கம்மா. நான் எடுத்துடுவேன். ஆனா ஒரு குலுக்கல் இல்லாம அவரை என்கிட்டக் கொண்டு வந்து சேருங்க. கால் விரல் அசையுற வரைக்குந்தான் நேரம். விரல் நின்னுருச்சுன்னா நான் எடுத்தும் பிரயோசனமில்ல" என்றார்.

ஆம்புலன்ஸ் வந்தது. தெருமுனை வேகத்தடையில் அது எறும்பு மாதிரிதான் ஏறி இறங்கியது, இருந்தும் நாச்சிமுத்து போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்துவிட்டது, வண்டி அங்கேயே திரும்பியது, அன்றைக்கு அவருடைய இடது கால் சில்லிட்டுப்போய் விரல்கள் நின்றுவிட்டன. அப்புறம் வலது கால்தான் மிச்சம். தினமும் விடிந்ததும் துளசிமணி அந்தக் கால்மாட்டில் உட்கார்ந்து, "எங்க, அசைங்க பாக்கலாம்" என்பாள், கட்டைவிரல் அசையும், அதற்குப் பிறகுதான் அவள் வாயில் தண்ணீர் படும்.

அடுப்படியில் அவள் சத்தமில்லாமல் அழுவது கட்டிலுக்குக் கேட்டிருக்கிறது. ஒருநாள் நாச்சிமுத்து கூப்பிட்டார்.

"ஏ புள்ள, நம்ம கார்ல அந்தக் கல்லு டயரைக் கழட்டி எறிஞ்சுட்டு, சாதா டயரா நாலு போடு. காத்தை அளவா வெச்சா மெத்தையாட்டம் போவும். நான் படுத்துக்கிட்டே வந்தர்றேன்."

"போவுங்களா?"

"டயர் மேலயே பொழச்சவன் சொல்றேன், போ."

அவளுக்குப் பாதி நம்பிக்கைதான் வந்தது. மீதிப் பாதிக்கு வேறு என்ன வழி இருந்தது?

ஈரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட கடைகளுக்குத்தான் முதலில் போனாள். முதல் கடையில் டை கட்டிய பையன் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்து, "சார் வரலீங்களா மேடம்?" என்று கேட்டான். சார் வரமாட்டார் என்று தெரிந்ததும், கம்பெனி போட்டதை மாற்றப்படாது என்றான். அடுத்த கடைக்காரர், சாதா டயர் போட்டு நடுவழியில் பஞ்சரானால் ஸ்டெப்னி இல்லாமல் என்ன பண்ணுவீர்கள், இதே கெட்டி டயரில் புதுசு போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரே பிடியாக நின்றார். மூன்றாவது கடையில் சம்மதித்தார்கள், ஆனால் கழட்டும்போது ரிம் கோணினால் நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். துளசிமணிக்கு வந்ததே கோபம், "என்ற வீட்டுக்காரர் விரலுக்கு எவனும் பொறுப்பில்ல, ரிம்முக்கு மட்டும் இத்தனை பேச்சா" என்று சொல்லிவிட்டு, கடகடவென்று அத்தனை கல்லையும் முதுகில் வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பி, நேராக மாதப்பன் கடையில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

மாதப்பன் லாரி டயர்க்காரர். கடையில் அவரோடு இன்னும் இரண்டு பேர், டயரை ரிம்மிலிருந்து பிரிக்கிற மெஷினில் காஜா, காற்றுக்கும் மற்ற வேலைக்கும் பிரவேஷ். பிரவேஷுக்குப் பீகார் பக்கம், ஆனால் சங்ககிரித் தண்ணீர் குடித்துக் குடித்து வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவான். மாதப்பன் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். லாரிக்காரர்கள் செய்கிற மாதிரி இரும்புக் கம்பியால் டயரில் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்தார். லாரி டயர் என்றால் காற்று இருக்கிறதா இல்லையா என்று சத்தமே சொல்லிவிடும், இது 'தொம்' என்றுகூடச் சொல்லவில்லை.

"என்னங்க்கா இது, ஊமை டயரா இருக்குது?"

"காத்துப் போனாலும் ஓடுற டயருங்க தம்பி."

"காத்துப் போனாலும் ஓடுமா!" மாதப்பனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்பறம் நாங்க எதுக்கு இங்க கடையத் தொறந்து வெச்சுட்டு உக்காந்துருக்கறோம்? காஜா, ஜாக்கியப் போடு. இதைக் கழட்டாம இன்னைக்குச் சோறு கெடயாது."

சொன்னபடியே மத்தியானம் வரை சோறு கிடைக்கவில்லை. டயர் ரிம்மை விட்டுப் பிரிவேனா என்றது. சோப்புத் தண்ணீர் ஊற்றினார்கள், கம்பி கொடுத்து நெம்பினார்கள், மெஷின் முனகியது, உள்ளே காற்றை அளக்கிற ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதாம், அது உடையப்படாது என்று காஜா ஒரு பக்கம் கத்த, மூன்று பேரும் டயர் மேல் ஏறி நின்று மிதிக்க, துளசிமணி ஒரு பழைய லாரி டயரில் உட்கார்ந்து, "ரிம்மு, ரிம்மு" என்று அடித்துக்கொள்ள, "ஏனுங்க்கா, நீங்க அந்த டீயைக் குடிச்சுட்டுச் சித்த கம்முனு இருங்க, உங்க ரிம்மு எங்க தலைக்குச் சமானம்" என்று மாதப்பன் வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். கழட்டிப் போட்ட பிறகும் அந்த நாலும் வளையாமல் குழையாமல் முறைத்துக்கொண்டு நின்றன. ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் போட்டு வரவழைத்த புது டயர்களைப் பிரவேஷ் விரலால் அமுக்கிப் பார்த்து, "பஞ்சாட்டம் இருக்குதுங்க அக்கா" என்றான். அவன் அளவாகக் காற்று வைத்தான், காஜா சுற்றிவிட்டு ஈயத்துண்டு ஒட்டிச் சமன் பார்த்தார், எல்லாம் எப்போதும்போலத்தான் நடந்தது.

இங்கேதான் அந்தக் கடையின் முறையைச் சொல்ல வேண்டும். புது டயர் ஏறிய வண்டி எதுவானாலும், பன்னிரண்டு சக்கர லாரியோ பள்ளிக்கூட வேனோ, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டி, வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு வெளியே போனால்தான் கடையை விட்டுப் போனதாக அர்த்தம், அதுவரைக்கும் வண்டிக்கு வருகிற நல்லது கெட்டது எல்லாம் மாதப்பன் தலையில். பழம் வைப்பது காஜா பாய்தான், அவர் கை ராசியான கை. அன்றைக்கும் அவர்தான் வைத்தார். துளசிமணி வண்டியைக் கிளப்பிக் கியர் போட்டாள், சக்கரம் சுற்றியது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பிரவேஷ் பின்னாலிருந்து லேசாகக் கை வைத்தான், வண்டி சத்தமில்லாமல் வெளியே போயிற்று. நாலு எலுமிச்சம்பழமும் வைத்த இடத்தில் வைத்தபடி மஞ்சளாக உட்கார்ந்திருந்தன.

பழம் காய்வெட்டு, பழுக்காமல் கெட்டியாக இருக்கும் என்று தக்காளி வைத்தார்கள். டீக்கடை அக்கா வீட்டுக்குள் போய்க் கோழிமுட்டை எடுத்து வந்தாள், முட்டைக்கும் ஒன்றும் ஆகவில்லை. காஜா தரையோடு தரையாகப் படுத்துக் கன்னத்தை மண்ணில் வைத்துப் பார்த்தார்.

"நாலு விரலுங்கண்ணா."

"எந்தச் சக்கரம்?"

"நாலுமே."

"சரி, அளவெல்லாம் ஒண்ணாத்தான் இருக்குது" என்று மாதப்பன் தலையை ஆட்டினார், அதில் அவருக்கு ஒரு திருப்தி.

அதற்குள் லாரிக்காரர்கள் டீ டம்ளரோடு கூடிவிட்டார்கள். இத்தனை வருஷம் இறுகிக் கிடந்த வண்டி, இளகினதும் எழுந்துகொண்டது என்றார் ஒருவர். சோப்பு அதிகம் என்றார் இன்னொருவர். கொல்லிமலைப் பக்கம் ஒரு டிராக்டர் இப்படி நின்றதாகத் தன் மச்சான் சொன்னதாக ஒருவர் சொன்னார், யாரும் அவரை நம்பவில்லை. மாதப்பனுக்கோ மானப் பிரச்சினை. தன் கடையில் வேலை பார்த்த வண்டி தரையில் நிற்கவில்லை என்றால் நாளைக்கு எவன் வருவான்? "காத்தைக் கொஞ்சம் எறக்கிட்டா உக்காந்துரும்" என்று குனிந்து வால்வு மூடியில் கை வைத்தார்.

துளசிமணி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, தொடாதீங்க! சாமியா வந்துருக்குது!" என்றாள். டீக்கடைக்குப் போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் மோந்து, தளும்பத் தளும்பக் கொண்டுவந்து வண்டியின் பின் சீட்டில் வைத்தாள். கதவைச் சாத்தினாள். ஒற்றை உள்ளங்கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், பிரிவில் இருக்கிற பெரிய வேகத்தடையைத் தாண்டி, கீழே ஜல்லி பெயர்ந்து கிடக்கிற ஓரத்திலும் இறக்கிக் கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறந்தாள். சொம்புத் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. ஒரு சொட்டு சீட்டில் விழவில்லை.

அந்த அம்மாளுக்கு எது வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"ஓட்ட முடியாதுங்களே" என்றார் காஜா. "சக்கரம் தரையில பிடிச்சாத்தான் ஓடும். பிரேக்கும் நிக்காது."

"தள்ளிட்டுப் போறேன்."

"ஈரோட்டுக்குங்களா?"

"ஈரோட்டுக்குத்தான்."

மாதப்பன் தரையில் கிடந்த எலுமிச்சம்பழங்களைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். "பழம் நசுங்கலைங்க்கா. முறைப்படி வண்டி இன்னும் என்ற கடையிலதான் நிக்குது. கடையில நிக்கற வண்டியத் தனியா எப்படி அனுப்பறது? காஜா, நாளைக்குக் கடை லீவு" என்றார்.

மறுநாள் விடிவதற்குள், காற்றடித்து நகர்ந்துவிடாமல் இருக்க துளசிமணி வீட்டு வாசல் வேப்பமரத்தில் பழைய சேலையால் கட்டியிருந்த வண்டியைச் சுற்றிப் பாதித் தெரு நின்றது. துளசிமணி உள்ளே கால்மாட்டில் உட்கார்ந்து, அசைங்க என்றாள். கட்டைவிரல் வெகுநேரம் யோசித்துவிட்டுத்தான் அசைந்தது, அதைப் பார்த்ததும் இன்னும் ஒரு விடியலுக்கு இந்த விரல் தாங்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முன் சீட்டைச் சாய்த்து மெத்தை விரித்து, தலை பின்னாலும் கால் முன்னாலுமாக அவரை ஏற்றினார்கள். நாலு பக்கமும் ஆட்கள் அணைத்துப் பிடித்தும் வண்டி ஊஞ்சல் மாதிரி ஒரு ஆட்டம் ஆடியது, அவர் துண்டைக் கடித்துக்கொண்டார். துளசிமணி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள், ஸ்டியரிங்குக்கு அங்கே ஒரு வேலையும் இல்லாததால் கையை நீட்டி அவர் வலது காலைப் பிடித்துக்கொண்டாள். கிளம்பினார்கள்.

"யாரும் தள்ளாதீங்க. தொட்டாப் போதும்" என்றார் மாதப்பன். "கயிறு வேண்டவே வேண்டாம், கயிறு வெட்டி இழுக்கும். உள்ளங்கையை வைங்க. ஒருத்தர் கையை எடுக்கறதுக்கு முன்னால இன்னொருத்தர் கை அங்க இருக்கோணும்." அதைத்தான் அன்று முழுக்க, ஊருக்கு ஊர், புதிதாக வந்து சேர்ந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர் சொன்னார், தொண்டை கட்டிப்போன பிறகு காஜா சொன்னார், காஜாவுக்குப் பிறகு பிரவேஷ் சொன்னான்.

தெருமுனை வேகத்தடை வந்தது. ஆம்புலன்ஸ் திரும்பிய அந்த இடத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், தள்ளியவர்கள் ஏறி இறங்கினார்கள், வண்டி ஏறவுமில்லை இறங்கவுமில்லை, தண்ணீரில் விட்ட இலை மாதிரி போய்க்கொண்டே இருந்தது. துளசிமணி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "எப்ப புள்ள கெளம்பறது?" என்றார். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

லாரிக்காரர்கள் சேதியை முன்னால் கொண்டு போயிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு ஊர் எல்லையிலும் ஆட்கள் நின்றார்கள், தண்ணீர்க் குடத்தோடு, மோர்ப் பானையோடு, சும்மா வெறும் கையோடு. இந்தச் சனங்கள் வண்டியைக் கையில் வாங்கிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும்: கேள்வி கேட்கவில்லை, சண்டை போடவில்லை, யார் எங்கே நிற்பது என்று ஒரு வார்த்தை இல்லை, முன் ஊர்க்காரன் கைக்குப் பக்கத்தில் தன் கையைக் கொண்டுவந்து வைத்தான், முன் ஊர்க்காரன் தன் கையை எடுத்தான், அவ்வளவுதான், வண்டி கை மாறியது அதற்குக்கூடத் தெரியவில்லை. வெப்படையில் நூல்மில் ஷிப்டு முடிந்து வந்த பெண்கள், தலையெல்லாம் பஞ்சு ஒட்டியபடியே வந்து வாங்கிக்கொண்டார்கள், அறுந்த நூலை ஓடுகிற மெஷினில் ஒட்டிப் பழகிய விரல்கள் என்பதால் அவர்கள் தொட்டது வண்டிக்கே தெரியவில்லை. மில் முதலாளியின் கார் பின்னால் வந்து ஹாரன் அடித்தது, பிறகு அடிக்கவில்லை, பிறகு முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் நடந்து வந்தார்.

வண்டியை விட அந்த இடைவெளிக்குத்தான் மரியாதை. பிள்ளைத்தாய்ச்சிகள் குனிய முடியாமல் குனிந்து, சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே இருந்த அந்த நாலு விரல் இடத்தில் கையை விட்டு எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு பூக்காரி முழம் மல்லிகையை ஒரு பக்கம் தள்ளி மறுபக்கம் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள், பூ கசங்கவே இல்லை என்று இன்றைக்கும் சொல்கிறாள். பள்ளிபாளையம் முக்கில் போக்குவரத்துப் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, ஊர்வலத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டார். ஊர்வலம் இல்லைங்க, கார்தான் என்றார் மாதப்பன். கார் என்றால் ஏன் ஓடவில்லை என்றார். ஓடலைங்க, மிதக்குது என்றான் பிரவேஷ். போலீஸ்காரர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு ஒரு கையை வண்டி மேல் வைத்தார், அந்தக் கையை அப்புறம் அவர் எடுக்கவில்லை.

பள்ளிபாளையத்துக்குள் நுழையும்போது விசைத்தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த ஊரில் பிறந்தவர்கள் தறிச்சத்தம் இல்லாத பகலைக் கேட்டதில்லை. சத்தம் நின்றதும் தொட்டில் குழந்தைகள் எல்லாம் என்னவோ ஆகிவிட்டதென்று விழித்துக்கொண்டு அழுதன, பெரியவர்கள் வாசலுக்கு வந்து தங்கள் மூச்சுச் சத்தத்தைத் தாங்களே கேட்டுத் திகைத்து நின்றார்கள், அந்த அமைதிக்கு நடுவே கார் தெருவில் போயிற்று, நூற்றுக்கணக்கான செருப்பில்லாத கால்களின் சத்தம் மட்டும் கூடவே போயிற்று. துளசிமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை பேருக்கு நான் என்ன செய்தேன், ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லையே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

காவேரிப் பாலத்தில்தான் உயிர் போய் வந்தது. ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது, பாலத்தின் பாதியில் தெற்கேயிருந்து ஒரு காற்று எழுந்து வந்து வண்டியின் வயிற்றில் கை கொடுத்தது. தரையைப் பிடிக்காத வண்டிக்குக் காற்று என்றால் போதாதா, அத்தனை கைகளையும் உதறிவிட்டுப் பக்கவாட்டில் கைப்பிடிச் சுவரைப் பார்த்துப் போக ஆரம்பித்தது. துளசிமணியின் கால் தன்னால் பிரேக்கை மிதித்தது, மிதித்து என்ன ஆக? சுவரில் ஒரு மோது மோதினால் எல்லாம் முடிந்தது. "சாமீ!" என்று அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. மாதப்பன் ஓடிப்போய் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் முதுகைக் கொடுத்து நின்றார். காஜா அவர் பக்கத்தில். பிரவேஷ். போலீஸ்காரர். தறிக்காரர்கள், மில் பெண்கள், பின்னால் நடந்து வந்த முதலாளி, வண்டியின் அந்தப் பக்கம் முழுக்க ஆள் மேல் ஆளாகச் சாய்ந்து நின்று நெஞ்சால் வாங்கினார்கள், அடித்துத் தடுக்கவில்லை, வந்த வேகத்தோடு தாங்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி வாங்கி, வண்டியைத் தங்கள் உடம்புக்குள் நிற்க வைத்தார்கள். மாதப்பனின் முதுகுத் தோல் சுவரில் உரிந்துவிட்டது. துளசிமணி அந்தக் காலைப் பார்த்தாள்.

"அசைங்க."

ஒன்றுமில்லை.

"ஏனுங்க, அசைங்க!"

விரல் அசைந்தது, அசைந்ததா இல்லையா என்கிற அளவுக்கு. "காத்து நல்லா வருது புள்ள" என்றார் நாச்சிமுத்து. கண்ணாடிக்கு வெளியே மாதப்பன் முகத்தைப் பார்த்து அவள் ஆமென்று தலையை ஆட்டினாள், அந்தத் தலையாட்டல் ஆளுக்கு ஆள் மாறிப் பாலத்தின் கடைசி வரை போயிற்று, அங்கே யாரோ குலவையிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. டாக்டரம்மா இறங்கி வந்து நின்றார். அவரும் குனிந்து அந்த நாலு விரலைப் பார்த்தார், பார்த்துவிட்டு, அவர் படித்த படிப்புக்கு அதில் வேலை இல்லை என்பதாலோ என்னவோ, வேலையைப் பற்றி மட்டும் பேசினார். "ஆள் ஏறினா வண்டி ஊஞ்சலாட்டம் ஆடும். ஆடுற வண்டியிலருந்து அவரை எடுக்க முடியாது. தரைக்குக் கொண்டு வாங்க. ஆனா பொத்துனு இறங்கப்படாது."

நாலு வால்விலும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் காற்றை விட வேண்டும். ஒரு சக்கரம் முந்தினால் வண்டி சாயும். மாதப்பன் முன் சக்கரத்தில் உட்கார்ந்தார், காஜா பின்னால் ஒன்று, பிரவேஷ் பின்னால் ஒன்று. நாலாவது சக்கரத்துக்கு நான் நான் என்று எத்தனையோ பேர் வந்தார்கள். துளசிமணி யாரிடமும் கேட்காமல், வண்டி ஆடாதபடி பையப் பைய இறங்கி வந்து அந்தச் சக்கரத்தின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"குச்சியால உள்ள இருக்கற ஊசிய அமுத்துங்க. நான் விடுன்னா விடுங்க, பிடின்னா எடுத்துருங்க. அவசரமே கெடயாதுங்க்கா."

விடு. பிடி. விடு. பிடி. மாதப்பனின் கட்டிப்போன தொண்டை சொல்லச் சொல்ல, நாலு மூலையிலும் காற்று சீறி நின்றது, சீறி நின்றது. வண்டி மூன்று விரலுக்கு வந்தது. இரண்டு விரலுக்கு வந்தது. வாசலில் நின்ற அத்தனை சனமும் தன்னை அறியாமல் முழங்கால் மடக்கி வண்டியோடு சேர்ந்து தாழ்ந்துகொண்டே வந்தது. ஒரு தாள் நுழைகிற இடம் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. சத்தமில்லை. துளசிமணி டயரும் மண்ணும் சேர்ந்த கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். பெரிய ஒன்று தங்களை விட்டுப் போன மாதிரி கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது, சிலர் அழுதார்கள்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. இரும்பு வண்டி, கெட்டி ரப்பர் சக்கரம். வண்டி நின்ற இடத்திலிருந்து அறுவை அறை வரைக்கும் பெயர்ந்த சிமெண்டும், வாசலில் ஒரு இரும்புப் பட்டையும், அதைத் தாண்டி ஓடு பதித்த நீளமான தாழ்வாரமும் கிடந்தன. வார்டு பையன் அதைத் தள்ளிக்கொண்டு வரும்போதே அது கடகடவென்று ஆடியதைப் பார்த்து டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது. துளசிமணி அந்தத் தரையைப் பார்த்தாள். இவ்வளவு தூரம் வந்து இந்த நாற்பது அடியிலா?

யார் முதலில் நகர்ந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மில் பெண்கள் என்கிறார்கள், போலீஸ்காரர் என்கிறார்கள். கார் கதவிலிருந்து தாழ்வாரத்தின் கடைசி வரை இரண்டு வரிசையாக, எதிரும் புதிருமாக, தோளோடு தோளாக நின்றுவிட்டார்கள், நின்று உள்ளங்கைகளை வானம் பார்க்க நீட்டினார்கள். மெத்தையோடு அவரை எடுத்து முதல் கைகளில் வைத்தார்கள். யாரும் ஒரு அடி நடக்கவில்லை. ஒரு கையை எடுப்பதற்கு முன்னால் அடுத்த கை அங்கே இருந்தது. காஜாவிடமிருந்து தறிக்காரருக்கும், தறிக்காரரிடமிருந்து பூக்காரிக்கும், பூக்காரியிடமிருந்து மில் முதலாளிக்கும் மெத்தை போய்க்கொண்டே இருந்தது, இரும்புப் பட்டையைத் தாண்டியது, தாழ்வாரத்துக்குள் போயிற்று, டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் நடந்தார்.

துளசிமணி அவர் காலைப் பிடித்தபடி வரிசைக்கு வெளியே கூடவே நடந்தாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"ஏ புள்ள."

"சொல்லுங்க."

"வண்டிய இன்னும் தரையில எறக்கலையா?"

அவள் அந்த வரிசையைப் பார்த்தாள்.

"இன்னும் இல்லீங்க" என்றாள், அடுத்த கைகள் அவரை வாங்கிக்கொண்டன.